ஒரு சரித்திராசிரியரின் காகிதப் பெட்டி

ஜார்ஜ் வாஷிங்டனுக்குக் கடிதம் எழுதத் தெரியாது என்று ஒருவரும் குறை சொன்னதில்லை. இங்கிலாந்தை எதிர்த்து எட்டு வருஷம் யுத்தம் நடத்தி ஜயித்த சேனாபதி அவர். பிறகு அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி. 1799-ல் காலமானார். முப்பத்தைந்து வருஷங்கள் கழித்து அவருடைய கடிதங்கள் வால்யூம் வால்யூமாக அச்சேறத் தொடங்கின. அவற்றைப் படித்தவர்கள் மனத்தில், ஒருபொழுதும் வாய் தவறாத, கோபத்திலும் இலக்கணம் பிசகாத ஒரு மகா புருஷரின் உருவம் எழுந்தது. அந்த உருவத்தில் வாஷிங்டனுடைய பங்கு எவ்வளவு, நடுவே உட்கார்ந்து திருத்தியவருடைய பங்கு எவ்வளவு என்பது வெகு நாள் வரை வாசகர்களுக்குத் தெரியாமலே இருந்தது.

திருத்தியவர் பெயர் ஜாரெட் ஸ்பார்க்ஸ். ஒரு காலத்தில் தேவாலயத்தில் போதகராக இருந்து, பிறகு பிரசங்க மேடையை விட்டு இறங்கிச் சரித்திராசிரியராக ஆனவர். வாஷிங்டனுடைய காகிதங்களை அவர் என்ன செய்தார் என்பதை நமக்குச் சொல்லுகிறவை, பெரும்பாலும் அவருடைய சொந்தக் காகிதங்களேதான். தினக்குறிப்புகள், யாத்திரைக் குறிப்புகள், நண்பர்கள் எழுதிய கடிதங்கள், லண்டனிலும் பாரிஸிலும் எடுத்து வந்த தஸ்தாவேஜுப் பிரதிகள் என்று அவர் சேர்த்து வைத்தவை இன்று ஹார்வர்டு சர்வகலாசாலையின் ஹௌட்டன் நூல் நிலையத்தில் இருக்கின்றன. ஹெர்பர்ட் பாக்ஸ்டர் ஆடம்ஸ் என்ற பேராசிரியர் அவற்றிலிருந்து நிறைய எடுத்து, ஸ்பார்க்ஸின் ஜீவிய சரித்திரமாக 1893-ல் இரண்டு பெரிய வால்யூம்கள் வெளியிட்டார். பரீட்சைப் பேப்பர்களைத் திருத்தி முடித்த இரவுகளில் நாம் அந்த வால்யூம்களைப் புரட்டுவது வழக்கம். பகலெல்லாம் சிவப்பு மசியும் கையுமாக இருக்கிறவனுக்கு, இன்னொரு சிவப்பு மசிக்காரரிடம் ஒட்டுதல் உண்டாவதில் ஆச்சரியமில்லை அல்லவா?

ஸ்பார்க்ஸ் கனெக்டிகட் ராஜ்யத்தில் வில்லிங்டன் என்ற ஊரில் 1789-ல் பிறந்தவர். வாஷிங்டன் ஜனாதிபதிப் பதவி ஏற்ற வருஷமும் அதுதான். வீட்டில் பணமில்லை. தச்சு வேலை பழகினார். சிறு பள்ளிக்கூடங்களில் வாத்தியாராக இருந்தார். பெரியவர்கள் சிலருடைய உதவியால் படித்து, இருபத்திரண்டு வயதுக்குமேல் ஹார்வர்டுக்குப் போய்ச் சேர்ந்தார். படிப்பின் நடுவே பணத்துக்காக மேரிலாந்தில் ஒரு வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கப் போனார். அங்கே இருக்கையில்தான், 1813-ல், பிரிட்டிஷ் கப்பற்படை வந்து ஹாவர் டி கிரேஸ் என்ற ஊரைக் கொளுத்தியது. அதை நேரில் பார்த்த ஸ்பார்க்ஸ் சில வருஷங்களுக்குப் பின் ஒரு பத்திரிகையில் அந்த வர்ணனையை எழுதினார். அவருடைய சரித்திர எழுத்தின் ஆரம்பம், ஓர் ஊர் எரிவதைக் கண்ணால் கண்ட சாட்சியாக எழுதியதுதான். பிற்காலத்தில் அவர் மற்றவர்களுடைய சாட்சியங்களைக் கையாண்ட விதத்தை நினைக்கும்போது இது மறக்கக்கூடாத விஷயம்.

1819-ல் பால்டிமோர் நகரத்தில் யுனிடேரியன் சபைக்குப் போதகராக அபிஷேகம் பெற்றார். கடவுள் ஒருவரே, மூவரல்லர் என்று சொல்லும் கிறிஸ்தவப் பிரிவு அது. அன்று வில்லியம் எல்லரி சானிங் செய்த பிரசங்கம் அமெரிக்க மத சரித்திரத்தில் பிரசித்தமானது; அந்த வைபவத்துக்குக் காரணமான இளம் போதகரின் பெயரைத்தான் அநேகர் மறந்துவிட்டார்கள்! இரண்டு வருஷத்துக்குப் பின் அவர் அமெரிக்கப் பிரதிநிதி சபையின் போதகராகவும் நியமனம் பெற்றார். 1823-ல் தேக அசௌக்கியத்தால் ஊழியத்தை விட்டார். பிறகு 'நார்த் அமெரிக்கன் ரெவ்யூ' என்ற பத்திரிகையை விலைக்கு வாங்கி, 1824 முதல் 1830 வரையில் நடத்தினார். போதகராக இருந்தவர் பத்திரிகாசிரியரானால் என்ன ஆவார் என்று நமக்குத் தெரியும்: பிரசங்கம் நிற்காது, சபைதான் பெரிதாகும்.

காகித வேட்டை இந்த நாட்களில்தான் அவரைப் பிடித்துக்கொண்டது. அந்தக் காலத்து அமெரிக்காவில் தஸ்தாவேஜுச் சாலை என்று சொல்லும்படி ஒழுங்கான ஏற்பாடு ஏதும் இல்லை. சுதந்திர யுத்தத்தின் சாட்சியங்களெல்லாம் ராஜ்யக் காரியாலயங்களின் அலமாரிகளிலும், சேனாபதிகளின் பேரப்பிள்ளைகள் வீட்டுப் பரணிலும் கிடந்தன. 1826-ல் ஸ்பார்க்ஸ் தெற்கு ராஜ்யங்கள் பலவற்றை ஊர் ஊராகச் சுற்றி, கண்டதைப் பிரதி எடுத்தார். ஐரோப்பாவுக்குப் போய் லண்டன், பாரிஸ் சர்க்கார் கட்டுகளைப் பார்க்க அனுமதி வாங்கினார். யுத்தத்தில் வாஷிங்டனுக்குத் துணையாக நின்ற பிரெஞ்சுப் பிரபு லாபாயத்தை அவருடைய கிராமத்து மாளிகையில் சந்தித்துப் பழைய கதைகளைக் கேட்டார். எதிரியின் அலமாரியிலும் நண்பனின் ஞாபகத்திலும் ஒரே சமயத்தில் தேட வேண்டும் என்பது அமெரிக்காவில் அவருக்கு முன் அதிகம் பேருக்குத் தோன்றவில்லை.

ஆனால் அவர் கண் வைத்த பொக்கிஷம் மவுண்ட் வெர்னனில் இருந்தது. வாஷிங்டன் தம்முடைய காகிதங்களைச் சகோதரர் குமாரரான புஷ்ராடு வாஷிங்டனுக்கு எழுதி வைத்திருந்தார். புஷ்ராடு, சுப்ரீம் கோர்ட்டு நீதிபதி. முதலில் முடியாது என்றார். ஸ்பார்க்ஸ் விடவில்லை. லாபத்தில் பங்கு என்ற பேச்சும் வந்தது. பிரதம நீதிபதி ஜான் மார்ஷலும் அந்தப் பங்கில் சேர்ந்தார். 1827-ல் இசைவு கிடைத்தது. கட்டுக் கட்டாகக் காகிதங்கள் பாஸ்டனுக்கு வந்து சேர்ந்தன. பிறகு சுமார் பத்து வருஷ காலம், ஒரு தேசத்தின் பிறப்புச் சாட்சியம் ஒரு தனி மனிதருடைய கைவசத்தில் இருந்தது. 1833-ல் கலியாணமான புதிதில் ஸ்பார்க்ஸ் கேம்பிரிட்ஜில் கிரெய்கி மாளிகையில் குடியிருந்தார். 1775-ல் வாஷிங்டன் தம் சேனைக்குத் தலைமை இடமாக வைத்துக்கொண்டிருந்த அதே வீடு. அந்தக் கூரையின் கீழ் எழுதிய கடிதங்கள் அந்தக் கூரையின் கீழேயே திரும்ப வந்து விரிந்தன. இதைவிடப் பெரிய பாக்கியம் ஒரு சரித்திராசிரியருக்கு என்ன வேண்டும்?

பன்னிரண்டு வால்யூம்கள் 1834 முதல் 1837-க்குள் வெளிவந்தன. நல்ல விற்பனை, நல்ல புகழ். பெஞ்சமின் பிராங்க்ளினுடைய எழுத்துக்களையும் பத்து வால்யூம்களாகப் பதிப்பித்தார். ஹார்வர்டில் சரித்திரப் பேராசிரியர் பதவி வந்தது. 1849 முதல் 1853 வரை அதன் தலைவராகவும் இருந்தார். இதையெல்லாம் விரிவாகச் சொல்லப் போவதில்லை. பட்டியல்கள் எந்தக் கலைக்களஞ்சியத்திலும் கிடைக்கும்.

சொல்ல வேண்டியது ஒரு படத்தைப் பற்றி. இரண்டாம் முறை ஐரோப்பா சென்றிருந்தபோது, பாரிஸில் வெளிநாட்டுக் காரியாலயத்துக் கட்டுகளில், 1782 டிசம்பரில் பிராங்க்ளின் பிரெஞ்சு மந்திரிக்கு எழுதிய ஒரு கடிதம் ஸ்பார்க்ஸின் கையில் அகப்பட்டது. சமாதானப் பேச்சில் முடிவான எல்லையை ஒரு தேசப்படத்தில் அழுத்தமான சிவப்புக் கோட்டால் காட்டி அனுப்பியிருப்பதாக அதில் கண்டிருந்தது. உடனே அந்தப் படத்தைத் தேடினார். ஆயிரக்கணக்கான படங்களுக்கு நடுவே, சிவப்புக் கோடு போட்ட ஒரு சிறிய வட அமெரிக்கப் படம் கிடைத்தது. பார்த்தவுடன் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்க வேண்டும். அந்தச் சமயத்தில் மெயின் ராஜ்யத்து எல்லையைப் பற்றி அமெரிக்காவுக்கும் இங்கிலாந்துக்கும் பெரிய தகராறு; யுத்தம் மூளுமோ என்ற பயம்கூட இருந்தது. சிவப்புக் கோடோ இங்கிலாந்தின் கட்சியை ஆதரித்தது!

யார் ஊரைக் கொளுத்தியதைக் கண்ணால் கண்டு எழுதினாரோ, அவர்களுடைய வழக்குக்குச் சாதகமான சாட்சியம் இவர் கையில். பார்க்காதது போல் படத்தை அலமாரியில் திரும்ப வைத்திருக்கலாம், ஒருவருக்கும் தெரிந்திராது. ஸ்பார்க்ஸ் அப்படிச் செய்யவில்லை. 1842 பிப்ரவரியில் ராஜாங்க மந்திரி டேனியல் வெப்ஸ்டருக்கு விஷயத்தை எழுதி, மெயின் ராஜ்யத்துப் படமொன்றில் அந்தக் கோட்டை ஞாபகத்திலிருந்து வரைந்தும் அனுப்பினார். ஊரறியத் தண்டோராப் போடவும் இல்லை. வெப்ஸ்டர் கெட்டிக்காரர். ஸ்பார்க்ஸையே மெயினுக்கு ரகசியமாக அனுப்பி, அங்கிருந்த தலைவர்களிடம் படத்தைக் காட்டி, ராஜி செய்துகொள்ளச் சம்மதிக்க வைத்தார். அதற்கான செலவு சர்க்காரின் ரகசிய நிதியிலிருந்து வந்தது. ஆகஸ்டில் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. தகராறில் இருந்த சுமார் 12,000 சதுர மைலில் ஏறக்குறைய 7,000 அமெரிக்காவுக்குக் கிடைத்தது.

வேடிக்கை என்னவென்றால், அதே சமயத்தில் லண்டனில் இன்னொரு படம் இருந்தது. அதன் சிவப்புக் கோடு அமெரிக்காவின் கட்சியை ஆதரித்தது! அது வெளியானது 1843-ல். ஆக, இரு தரப்பாரும் தங்களுக்கு விரோதமான சாட்சியத்தை மடியில் கட்டிக்கொண்டு சமாதானம் பேசியிருக்கிறார்கள். பாரிஸ் படந்தான் பிராங்க்ளின் கோடிட்ட படம் என்பதற்கும் நிச்சயமான அத்தாட்சி கிடையாது. ராஜ தந்திரம் ஒருபுறம் இருக்கட்டும். சொந்த தேசத்துக்கு நஷ்டம் தரக்கூடிய காகிதத்தைக் கண்டு கண்ணை மூடிக்கொள்ளாத மனிதர் என்று ஸ்பார்க்ஸுக்கு இந்த இடத்தில் நாம் கும்பிடு போடுகிறோம்.

கும்பிட்ட கையை இறக்குவதற்குள் அடுத்த சங்கதி வருகிறது. வாஷிங்டன் தம்முடைய சேனையில் காரியதரிசியாக இருந்த ஜோஸப் ரீடுக்கு எழுதிய கடிதங்களை ரீடின் பேரர் 1847-ல் அச்சிட்டார். அச்சான இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் திகைத்தார்கள். மூலத்தில் தளபதி புட்னமை, பாளையத்தில் எல்லோரும் அழைத்தபடி, கிழவர் என்ற செல்லப் பெயரால் வாஷிங்டன் குறிப்பிட்டிருந்தார். ஸ்பார்க்ஸ் பதிப்பில் அது ஜெனரல் புட்னம் என்று மிடுக்காக நின்றது. வந்து சேர்ந்த ஒரு தொகையைத் தெள்ளுப்பூச்சிக் கடிக்கு ஒப்பிட்டிருந்தார் வாஷிங்டன். ஸ்பார்க்ஸ் அதை நம் தேவைக்குச் சற்றும் போதாதது என்ற பொருள்பட மாற்றியிருந்தார். பூச்சி போயிற்று, அதோடு கடியும் போயிற்று. நியூ இங்கிலாந்துச் சிப்பாய்களைப் பற்றிய காரமான வாசகங்கள் சில அடியோடு காணோம். ஸ்பார்க்ஸும் நியூ இங்கிலாந்துக்காரர் என்பதை எதிரிகள் மறவாமல் எடுத்துச் சொன்னார்கள்.

1851-ல் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் கண்டனம் வந்தது. இங்கிலாந்திலிருந்து மேஹன் பிரபு என்ற சரித்திராசிரியரும் குற்றம் சாட்டினார். மறு வருஷமே ஸ்பார்க்ஸ் பதில் வெளியிட்டார். பதிலில் சாரமும் இல்லாமல் இல்லை. வாஷிங்டன் அனுப்பிய கடிதத்துக்கும் தம்மிடம் வைத்துக்கொண்ட பிரதிக்கும் பல இடங்களில் வித்தியாசம் உண்டு. வயதான காலத்தில் வாஷிங்டனே தம்முடைய இளமைக் கடிதப் பிரதிகளை எடுத்துவைத்துத் திருத்தியிருக்கிறார். அவசரமாக எழுதியதை அச்சுக்குக் கொடுப்பதென்றால் அவரே இந்தப் பிழைகளைத் திருத்தித்தான் கொடுத்திருப்பார் என்றார் ஸ்பார்க்ஸ். இல்லாததைச் சேர்த்தார் என்ற குற்றச்சாட்டை மேஹன் பிரபு வாபஸ் வாங்கிக்கொண்டார். இருந்ததை மாற்றியதும் விட்டதும் நின்றுவிட்டன.

அவரே இருந்தால் திருத்தித்தான் கொடுத்திருப்பார்! இந்த வாதத்தை நாம் வேறோரிடத்தில் கேட்டிருக்கிறோம். நமது பாட்டனார் 1932-ல் சட்ட மறுப்பில் சேர்ந்து ஆறு மாதம் சிறையிலிருந்தவர். வெளியே வந்தபின் கோடு போட்ட நோட்டு ஒன்றில் அந்த நாட்களைப் பற்றி நாற்பது பக்கம் எழுதி வைத்தார். சென்ற வருஷம் நமது சித்தப்பா அதைச் சிறு புத்தகமாக அச்சிட்டு உறவினர்களுக்கு வழங்குவதென்று தீர்மானித்து, பிரதி எடுக்கும் வேலையை நம்மிடம் ஒப்புவித்தார். பதினேழாம் பக்கத்தில் ஒரு செய்தி இருக்கிறது. மூன்றாவது வாரத்தில் ஜுரம், மூட்டைப்பூச்சித் தொல்லை, வீட்டில் கைக்குழந்தை. மன்னிப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடலாமென்று இரண்டு இரவு யோசித்ததாகவும், காகிதம்கூடக் கேட்டு வாங்கிவிட்டதாகவும், மூன்றாம் நாள் காலையில் அதை வெறுமையாகவே திருப்பிக் கொடுத்ததாகவும் பாட்டனார் எழுதியிருக்கிறார். ஏன் திருப்பிக் கொடுத்தார் என்று அவர் எழுதவில்லை.

சித்தப்பா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "இது எதற்கப்பா? பேரன் பேத்திகள் படிக்கப் போகிறார்கள். எடுத்துவிடு. அப்பாவே இருந்தால் எடுத்திருப்பார்" என்றார்.

"எடுக்க வேண்டுமென்றிருந்தால், முப்பது வருஷம் பெட்டியில் வைத்திருந்தாரே, அப்பொழுதே கிழித்துப் போட்டிருக்க மாட்டாரா சித்தப்பா?" என்று நாம் கேட்டோம்.

அவர் பதில் சொல்லவில்லை. எழுந்து திண்ணைப் பக்கம் போய்விட்டார். நாம் பதினேழாம் பக்கத்தை எழுத்துக்கு எழுத்து உள்ளபடியே பிரதி எடுத்து வைத்திருக்கிறோம். புத்தகம் இன்னும் அச்சாகவில்லை. சித்தப்பாவின் அன்பில் குற்றம் காண நமக்கு மனமில்லை. போதகராயிருந்த ஸ்பார்க்ஸும் அன்பினால்தான் செய்தார் என்று தோன்றுகிறது. அடக்கச் சடங்கில் இறந்தவருக்கு நல்ல சட்டை போட்டு, நல்லதை மட்டும் நாலு வார்த்தை சொல்லிப் பழகியவர் அவர். ஆனால் அந்த வெறும் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தவரைத்தான் நமக்குப் பிடித்திருக்கிறது. அதைக் கேட்டே வாங்காதவரை நமக்குத் தெரியாது. தெள்ளுப்பூச்சியை நினைத்துப் பல்லைக் கடித்த வாஷிங்டனையும் அப்படியேதான்.

மசியால் மாற்றியதையாவது மூலத்தை வைத்துச் சரி செய்துவிடலாம். கத்தரிக்கோலால் செய்ததற்குப் பரிகாரம் கஷ்டம். 1789-ல் முதன்முதலாகப் பதவி ஏற்கும்போது பேசுவதற்கென்று வாஷிங்டனுக்கு ஒரு நீண்ட உரை தயாராயிற்று. நண்பர் ஒருவர் எழுதிக் கொடுத்ததை அவர் தம் கையாலேயே படி எடுத்திருந்தார். அறுபது பக்கத்துக்கு மேல். கடைசியில் அதைப் பேசாமல், வேறு சுருக்கமான உரையைப் பேசினார். ஸ்பார்க்ஸ் காகிதக் கட்டுகளில் இந்த நீண்ட உரையைக் கண்டெடுத்து, அச்சிடலாமா என்று 1827-ல் ஜேம்ஸ் மாடிசனைக் கேட்டு எழுதினார். மாடிசன் முன்னாள் ஜனாதிபதி; வாஷிங்டனுக்கு அந்தச் சமயம் யோசனை சொன்னவர். அச்சிடாமல் விடுவதே நல்லது என்று பதில் வந்தது.

சரி, அச்சிடவில்லை. பத்திரமாகக் கட்டி வைத்திருக்கக் கூடாதா? வாஷிங்டன் கையெழுத்து ஒரு துண்டாவது வேண்டுமென்று நாலா பக்கத்திலிருந்தும் ஸ்பார்க்ஸுக்குக் கோரிக்கை வந்துகொண்டிருந்தது. உபயோகமில்லாத உரை, உபயோகமுள்ள கையெழுத்து! அவர் பக்கங்களைத் துண்டு துண்டாக நறுக்கிக் கேட்டவர்களுக்கெல்லாம் பிரசாதம் கொடுப்பது போல் கொடுத்துவிட்டார். பாரிஸில் அந்தச் சிவப்புக் கோட்டைத் தேடி ஆயிரக்கணக்கான படங்களைப் புரட்டிய அதே கை இது. இரண்டையும் ஒரே மனிதரில் எப்படிப் பொருத்துவது என்று நாம் பல நாள் யோசித்ததுண்டு. அவருக்குச் சரித்திரம் என்பது அச்சேறிய புத்தகம். அச்சேறாதது வெறும் காகிதம். இப்படி எண்ணுவது அந்தக் காலத்தில் அவர் ஒருவர் மட்டுமல்ல.

ஆனாலும் தம் காகிதங்கள் விஷயத்தில் அவர் கத்தரிக்கோலை எடுக்கவில்லை என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமல்ல. 1866-ல் அவர் காலமான பிறகு, அச்சுப் புத்தகங்கள் கார்னெல் சர்வகலாசாலைக்கு விலைக்குப் போயின. கையெழுத்துப் பிரதிகள் ஹார்வர்டுக்கு வந்தன. புஷ்ராடோடு பேசிய லாபப் பங்கு விவகாரம், மேஹன் பிரபுவோடு நடந்த சண்டை, எல்லாம் கிடைக்கின்றன. தம்மைப் பற்றி அழகான வார்த்தைகளை மட்டும் விட்டுச் செல்ல அவருக்கு எத்தனையோ வருஷம் அவகாசம் இருந்தது. வாஷிங்டனுக்குக் காட்டிய தயவைத் தமக்கு அவர் காட்டிக்கொள்ளவில்லை.

வாஷிங்டனுடைய காகிதங்களை அமெரிக்க சர்க்கார் 1834-லும் 1849-லும் இரண்டு தவணையாக 45,000 டாலர் கொடுத்து வாங்கியது. 1904-ல் அவை காங்கிரஸ் நூல் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தன. 1931-க்கும் 1944-க்கும் இடையில் கடிதங்கள் முப்பத்தொன்பது வால்யூம்களாகப் புதிதாக வெளிவந்தன. 1968-ல் வர்ஜீனியா சர்வகலாசாலை, வாஷிங்டன் எழுதியதை மட்டுமின்றி அவருக்கு வந்ததையும் சேர்த்துப் பதிப்பிக்கும் வேலையை ஆரம்பித்தது. அந்தப் பதிப்பாசிரியர்கள், ஸ்பார்க்ஸ் நறுக்கிக் கொடுத்த உரையின் துண்டுகளை நூல் நிலையங்களிலும் தனி மனிதர்களிடமும் தேடிப் பிடித்து, கிடைத்த மட்டும் வரிசைப்படுத்தி அச்சிட்டிருக்கிறார்கள். முழு உரை கிடைக்கவில்லை. ஒரு துண்டின் முன்புறத்தில் பாதி வாக்கியம் இருக்கும். பின்புறத்தில் வேறு பக்கத்து வாக்கியத்தின் வால் இருக்கும். கிடைக்காத இடங்களைத் தங்கள் சொந்த வார்த்தையால் நிரப்பாமல், காலியாகவே விட்டிருக்கிறார்கள்.